கிணற்றருகே டீசல் பேரல் வைத்திருக்கிறீர்களா?

வீட்டிலோ தோட்டத்திலோ டீசல் சேமித்து வைக்க எப்போது உரிமம் வாங்க வேண்டும்? இந்தியாவின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டரைத் தாண்டாமலும், எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. தீ விபத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவு இது. கிணற்று நீரை நினைத்து வகுத்ததல்ல. மோட்டார் கொட்டகையில் நிற்கும் 200 லிட்டர் பேரலையோ, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் டேங்கையோ சோதிக்க யாரும் வரப்போவதில்லை. அந்த வேலை உங்களுடையது.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோலில் 1 விழுக்காடு வரை பென்சீன் (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய, எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்) இருக்கலாம். அதாவது ஒரு லிட்டரில் சுமார் 8.8 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த 8.8 கிராமும் நீரில் கலந்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேல் வரம்பைத் தொட்டுவிடும். டீசலில் பென்சீன் மிகக் குறைவு. ஆனால் அது மண்ணில் நெடுநாள் தங்கும்.

பெரிய விபத்து நடந்தால்தான் நீர் கெடும் என்றில்லை. டீசல் ஊற்றும்போது சிந்துவது, துருப்பிடித்த பேரலின் அடிக்கசிவு, தேய்ந்த வால்விலிருந்து சொட்டுவது ஆகியவை நாள்தோறும் மண்ணுக்குள் இறங்குகின்றன. களிமண் சற்றுத் தடுக்கும். கடலோர மணலும் பாறை வெடிப்புகளும் தடுக்காது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகளே நீர்வழி. அங்குச் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடி எண்ணெய்க் குழாய்க் கசிவு வீட்டு போர்வெல்களில் தெரிந்தது. இரண்டு இடங்களிலும் முதலில் கண்டுகொண்டவர்கள் தண்ணீர் இறைத்தவர்கள்தாம்.

எண்ணெய் நீரைவிட இலேசானது; நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறும்போது மண்ணில் தங்கிய எண்ணெயும் கூடவே ஏறும். கோடையில் இல்லாத வாடை மழைக்காலத்தில் தலைகாட்டினால் ஐயப்படுங்கள். நீரின் மேல் வானவில் நிறப் படலம் இருந்தால் ஒரு குச்சியால் கிளறுங்கள். உடைந்து சில்லுகளாக விலகி நின்றால் பெரும்பாலும் இரும்பு பாக்டீரியாப் படலம், பதற வேண்டியதில்லை. மீண்டும் கூடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். வாடையே இல்லையென்று நிம்மதி அடையவும் முடியாது. பென்சீன் மூக்குக்கு எட்டும் அளவு, பாதுகாப்பு அளவைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஊரில் சொல்லும் குறுக்கு வழிகள் எதுவும் இங்கே உதவாது. பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மருந்து, எண்ணெய்க்கு அல்ல. படிகாரம் கரைந்த பென்சீனைத் தொடாது. கொதிக்க வைத்தால் ஆவி சமையலறையில் பரவி மூச்சுக்குள் போகும். அடுப்பு எரியும் இடத்தில் தீ ஆபத்தும் உண்டு. சோப்புத் தூள் போட்டால் மிதந்த எண்ணெய் நீரோடு கலந்து, பிரிக்கவே முடியாமல் போகும். ஆர்.ஓ. கருவியை நம்பாதீர்கள், பென்சீன் போன்ற சிறு மூலக்கூறுகளை அது முழுதாகத் தடுக்காது, எண்ணெய் பட்டால் அதன் சவ்வும் கெடும். எல்லாவற்றையும்விட மோசமானது, "இறைத்துக் கொட்டினால் சரியாகிவிடும்" என்று மோட்டாரை ஓட விடுவது. இறைக்க இறைக்கச் சுற்றிலும் உள்ள எண்ணெய் கிணற்றை நோக்கி இழுபடும். பெட்ரோல் வாடையுள்ள கிணற்றில் மின்பொறி பட்டால் தீப்பிடிக்கலாம். தூர் வார ஆளை இறக்கவே கூடாது. ஆவி காற்றைவிடக் கனமாகையால் அடியில் தேங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரை நிறுத்துங்கள். குடிக்க, சமைக்க, குளிக்க வேறு தண்ணீருக்கு மாறுங்கள். பேரலைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றி, கசிந்த இடத்து மண்ணை வாடை நிற்கும் ஆழம்வரை வெட்டி, மூடிய கலனில் வையுங்கள். சிந்தியதை மணல் அல்லது மரத்தூள் போட்டு வாரி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பெட்ரோல் பங்க் அல்லது குழாய் மீது ஐயம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சேமிப்பதென்றால் கலன் தரைக்கு மேலே, கிணற்றுக்குப் பள்ளமான பக்கத்தில், கூடியவரை தள்ளி நிற்கட்டும். சுற்றிலும் கலன் கொள்ளளவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும் சுற்றுக்கட்டு வேண்டும். அதற்குக் கூரையும் வேண்டும், இல்லையேல் ஒரே மழையில் கட்டு நிரம்பி வழிந்துவிடும். வடிகால் துளை வைக்காதீர்கள். ஜெனரேட்டர் ஓடாத இரவுகளில் மாலையும் காலையும் அளவுகோலில் மட்டம் குறித்து வாருங்கள், குறைந்தால் கசிவு. குடிநீர் பிளாஸ்டிக் குழாயை எண்ணெய் இறங்கிய மண் வழியே கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலியக் கரைப்பான்கள் அதை ஊடுருவும்.

நீர்ப் பரிசோதனைக்குப் போகும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சோதனை உப்பு, கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றோடு நின்றுவிடும். பென்சீன் வகைப் பொருள்களையும் பெட்ரோலிய எண்ணெயையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து உடனே சேர்ப்பியுங்கள். ஒருமுறை சுத்தம் என்று வந்தாலும் கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒன்று என மறுபடி பார்த்த பிறகே குடிக்கத் தொடங்குங்கள்.