பூனை தும்மினால்…

சோளகம் புழுதியை வாரியிறைக்கும் மாதங்களில், சாம்பிராணியோ நுளம்புத்திரியோ புகையும் வீட்டில், பூனை இரண்டொரு தடவை தும்முவது இயல்பு. புகையை நிறுத்தியும் தும்மல் தொடர்ந்து, கண்ணில் பீளையும் கட்டினால் பெரும்பாலும் ஹேர்ப்பீஸ் அல்லது கலிசி வைரஸ்தான். நமக்குத் தொற்றாது, மற்றப் பூனைகளுக்குத் தொற்றும், தட்டைப் பிரித்து வையுங்கள். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் தின்னாது. மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் கொடுங்கள். பனடோல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். தைலமும் பூசாதீர்கள்.

மூக்கு காய்ந்திருப்பது மட்டும் நோயல்ல. செம்மஞ்சள் பூனையின் மூக்கில் வயதோடு வரும் தட்டையான கரும்புள்ளிகளுக்கும் பயம் வேண்டாம். ஆனால் வெள்ளைப் பூனையின் மூக்கில் ஆறாத புண் வெயிலால் வரும் புற்றுநோயாக இருக்கலாம். எங்கள் ஊர் வெயிலில் இதை அசட்டை செய்யக்கூடாது. இளஞ்சிவப்பு மூக்கு வெளிறினால் இரத்தசோகையோ என்று சந்தேகியுங்கள். உடம்பில் தெள்ளு இருக்கிறதா பாருங்கள்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ இரத்தமோ வந்தால், ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால், வாயால் மூச்சு வாங்கினால், தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.