மணி ஒலிக்காமை நலத்திற்குச் சான்றாகுமா?

பெரிய ஸ்தாபனங்களின் சர்வர்களில் இடையறாது நேரும் நிகழ்ச்சிகளைச் சேகரித்து, தரம் பிரித்து, கவனிக்க வேண்டியவற்றைப் பணியாளருக்கு அறிவிப்பதே கண்காணிப்பு மென்பொருளின் தொழிலாகும். 'சிஸ்லாக்' என்னும் முறை நிகழ்ச்சிகளை 0 முதல் 7 வரை எட்டுத் தரங்களாகப் பகுக்கிறது. 0 என்பது அமைப்பு முழுவதும் பயனற்றுப் போன நிலை, 4 எச்சரிக்கை, 7 மென்பொருளைச் சோதிப்போருக்கு மட்டும் உதவும் சிறு குறிப்பு.

இக்கண்காணிப்பு மென்பொருளே பழுதுற்றால் விளைவது யாது? 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நிகழ்ந்தது இதனை விளக்கும். அங்கு பர்ஸ்ட் எனர்ஜி என்னும் மின்சார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14 மணிக்குச் சற்றுப் பின்னர் எச்சரிக்கை மென்பொருள் முடங்கிற்று. 2.41-க்கு அதனை இயக்கிய சர்வர் நின்றது. பொறுப்பேற்ற மாற்றுச் சர்வரும் 2.54-க்கு நின்றது. கணினிப் பிரிவினர் சர்வரை மீண்டும் இயக்கினர்; ஆயினும் எச்சரிக்கைப் பணி திரும்பியதா என்று கட்டுப்பாட்டு அறையினரிடம் கேட்டறியவில்லை. அவ்வறையினரோ, மணி ஒலிக்காமையால் யாவும் நலமே என்றிருந்தனர்.

இதற்கிடையே 3.05, 3.32, 3.41 ஆகிய நேரங்களில், 3,45,000 வோல்ட் மின்பாதைகள் மூன்று மரங்களைத் தொட்டுத் துண்டிக்கப்பட்டன. மாலை 4.13-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மென்பொருள் பழுது ஒன்றே இதற்குக் காரணமன்று. மின்பாதையருகே மரங்களை வளரவிட்டதும் ஒரு காரணமே. ஆனால் நிலைமையை உணர்ந்து திருத்துவதற்கு இருந்த அவகாசம் அப்பழுதினால் வீணாயிற்று.

மௌனத்திற்குப் பொருள் இரண்டு: பழுது இல்லை என்பது ஒன்று, பழுதை அறிவிப்போன் இல்லை என்பது மற்றொன்று. வகுப்பில் வருகை பதிவு செய்யும் ஆசிரியர், 'நான் வரவில்லை' என்று மாணவன் கூறுவதற்காகக் காத்திருப்பதில்லை. பெயரழைத்தும் பதில் வராதபோது, வரவில்லை என்றே குறித்துக்கொள்கிறார். சர்வர்களுக்கும் இம்முறையே பொருந்தும். 'நாடித்துடிப்பு' எனப்படும் குறிப்பினைச் சர்வர் குறித்த இடைவெளிதோறும் அனுப்புதல் வேண்டும். அது வரத் தவறினால், வேறோர் இயந்திரம் எச்சரிக்கை எழுப்புதல் வேண்டும்.

கண்காணிப்போன் கண்காணிக்கப்படும் சர்வரிலேயே குடியிருத்தல் ஆகாது. இரண்டும் ஒருங்கே வீழும். பழுது நீக்கிய பின், சோதனைக்கென ஓர் எச்சரிக்கையை அனுப்பி, அது உரிய பணியாளரை அடைந்ததா என்று அவரிடமே கேட்டறிதல் வேண்டும். அதன் பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.