யாரிடம் சொல்வதென்று முதலில் முடிவு செய்யுங்கள்

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும் பெண்கள் யார் மூலமாகவோ என் நம்பரை வாங்கிப் பேசுகிறார்கள். வலிக்குமா, தழும்பு தெரியுமா, எவ்வளவு செலவாகும், எத்தனை கிலோ குறையும் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் ஒன்று திருப்பிக் கேட்பேன். "வீட்டில் யார் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?" கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு தயங்கித் தயங்கி, "யாருக்கும் தெரிய வேண்டாம்னு அத்தை சொல்லிட்டாங்கக்கா" என்பார்கள்.

என் வீட்டில் நடந்ததும் அதுதான். ஆபரேஷன் என் உடம்பில் செய்ததை நான் தாங்கிக்கொண்டேன். அதை மூடி மறைக்கச் சொன்னது என்னைச் செய்ததை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் நான் 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்கில் கிட்டத்தட்ட 45. ஷுகருக்கு மாத்திரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு. வாயைக் கட்டியிருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொள்ளு ரசம், பேலியோ, உழவர் சந்தை வரை காலை நடை, ஜிம் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் வாயைக் கட்டிக்கொண்டே இருந்தவள். குறைந்த எடை ஒவ்வொரு தடவையும் வட்டியோடு திரும்பி வந்தது. பட்டினி போட்டு எடையைக் குறைத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடிவிடுகிறது. உடம்பு பழைய எடைக்கே போகத் துடிக்கும். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இது தெரியாது. இரும்பு மனசு இருந்தால் இளைக்கலாம் என்று சொல்வது மட்டும் தெரியும். இந்தியர்களைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 தாண்டினாலே இந்த சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டன. நான் அந்த எல்லையை எப்போதோ தாண்டியவள். குறுக்கு வழியில் போனேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எனக்குச் செய்தது ஸ்லீவ். லேப்ராஸ்கோபி மூலம் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். கிரெலின் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்துவிடும் பகுதியில்தான் என்பதால் பசி நன்றாகவே அடங்குகிறது. முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மோர், பால், சூப், அப்புறம் மசித்த சாப்பாடு, ஒரு மாதம் தாண்டியபின் மெதுவாக கெட்டியான சாப்பாடு. தினமும் குறைந்தது 60 கிராம் புரோட்டீன். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும். இதையெல்லாம் டயட்டீஷியன் தாளில் அச்சடித்தே கொடுப்பார். அதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

சொந்தக்காரர்களிடம், "கர்ப்பப்பைல கட்டி, எடுத்தாச்சு" என்று அத்தை சொன்னார். என்னைக் கேட்கவில்லை. "சாப்பாட்டைக் குறைக்க முடியாம வயித்தை அறுத்துக்கிட்டான்னு பேசுவாங்கம்மா. நம்ம வீட்டுக்கு அசிங்கம்" என்று பிறகு காரணம் சொன்னார். என் கணவர் வாய் திறக்கவில்லை. மயக்கம் தெளிந்து, நடக்கக் கால் ஊன்றுவதற்குள் என் உடம்பைப் பற்றிய பொய் மணப்பாறைச் சொந்தங்கள் வரை போய்விட்டது.

கட்டி எடுத்த உடம்புக்குத் தெம்பு வேண்டுமே! நான் மோரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், பார்க்க வந்தவர்கள் தூக்கில் நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுவந்தார்கள். "நான் கெளம்பறதுக்குள்ள ரெண்டு வாயாவது சாப்பிடு" என்று எதிரிலேயே உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் நியாயமான காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்லக் கூடாது. நம் ஊரில் சாப்பாட்டை மறுப்பது கொண்டுவந்தவரை மறுப்பது; அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரியம்மா மகன் கல்யாணப் பந்தியில்தான் எல்லாம் உடைந்தது. இலையில் சோறு வைத்து, பெரியம்மாவே பக்கத்தில் நின்று நெய் ஊற்றினார். ஊரே பார்க்கிறது. அத்தை எதிர் வரிசையிலிருந்து கண்ணால் சொல்கிறார், சாப்பிடு என்று. வழக்கமாக நான் ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, கொஞ்சம் பொறுத்து அடுத்த வாய் எடுப்பேன். அங்கே அதற்கு நேரமில்லை. சோறு நெஞ்சில் அடைத்துக்கொண்டது. மாரடைப்பு என்றே நினைத்தேன். கை கழுவும் இடம்வரை போக முடியாமல் மண்டபத்துத் தூணருகே நுரை நுரையாக வாந்தி எடுத்தேன். என் மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். பின்னால் யாரோ, "மாசமா இருக்காளா?" என்றார்கள். இன்னொருவர், "கர்ப்பப்பையையே எடுத்தாச்சுல்ல?" என்றார்.

அந்தச் சமயத்தில் முடி வேறு கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. எடை வேகமாகக் குறையும்போது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது சகஜம். புரோட்டீனும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். எனக்கும் வளர்ந்தது. ஆனால் ஊருக்கு அது தெரியுமா? கட்டி ஆபரேஷன், வாந்தி, ஆள் பாதியாக இளைப்பு, முடி கொட்டல். எல்லாவற்றையும் கூட்டி கேன்சர் என்று முடிவு கட்டினார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளிடம் அவள் தோழி, "உங்கம்மா செத்துப்போயிடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். மகளுக்கு உண்மை தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டளையும் தெரியும். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த அன்று நான் அத்தையிடம் கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. கத்தியது சரிதான்.

இந்தப் பொய் என்னிடமிருந்து ஒரு துணையையும் பறித்தது. ஆபரேஷனுக்கு முன், எனக்கு மனசு சரியில்லாத இரவுகளில் எல்லோரும் படுத்தபின் சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து முறுக்கும் மிக்சரும் சாப்பிடுவேன். நாள் முழுக்க வாங்கிய பேச்சு அதில் கரையும். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு அப்படியே வந்துகொண்டிருந்தது, அதைக் கரைக்க இருந்த வழி அடைபட்டுவிட்டது. பசி இல்லை, ஆனாலும் பரோட்டாக் கடையில் கொத்து போடும் சத்தம் கேட்டால் அழுகை வந்தது. ஏன் செய்துகொண்டோம் என்று தோன்றாத நாளே முதல் மாதத்தில் இல்லை. பிரியமான ஒன்றை இழந்த துக்கம் அது. இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு வருவது, பெரும்பாலும் கடந்துபோவது. இதை எனக்குச் சொல்லக்கூடிய ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவளும் இதே ஆபரேஷன் செய்துகொண்டு, அவள் வீட்டிலும் அதை மறைத்து வைத்திருந்தார்கள். எதிரெதிர் வீட்டில் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

மருத்துவமனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் மனநல ஆலோசனை என்று ஒரு சடங்கு நடந்தது. தூக்கம் வருகிறதா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டுத் தாளில் டிக் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் வந்த போன்களெல்லாம் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கத்தான். விளம்பரத்துக்கு முன்-பின் போட்டோ கேட்டும் கூப்பிட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு குரல் கேட்கவில்லை. இத்தனைக்கும் இந்த ஆபரேஷனுக்குப் பின் மனசு ஆட்டம் காணும் என்பது உலகத்துக்குத் தெரிந்த சேதி. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் முதல் வருஷத்தில் உச்சத்துக்குப் போய், அடுத்த சில வருஷங்களில் கொஞ்சம் இறங்கி, பிறகு நிலைப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்களின் எண்ணிக்கை ஆபரேஷனுக்கு முந்தைய காலத்தைவிடப் பிந்தைய காலத்தில் கூடியிருந்தது. பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆபரேஷன் ஆயுளைக் கூட்டுகிறது என்றும் அதே ஸ்வீடன் ஆய்வு காட்டியது. கிலோ கேட்கும் போனிலேயே மனசையும் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆத்திரம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அட்மிட் ஆவதற்கு முன்பே, உங்கள் அத்தை முந்திக்கொள்வதற்குள், யாரிடம் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். சமைப்பவருக்குத் தெரிய வேண்டும். விசேஷங்களில் பக்கத்து இலையில் உட்காரப் போகும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். பரிமாறுபவரை அவர் பார்த்துக்கொள்வார். அலுவலகத்தில் கூடச் சாப்பிடும் ஒருத்திக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள், அதை வெளியே சொல்லவும் அனுமதி கொடுங்கள். மற்றவர்களுக்கு, "வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு, டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றால் போதும். அது பொய் இல்லை. இல்லாத நோயை மட்டும் சொல்லாதீர்கள். அந்த நோய்க்கான விசாரிப்பு வந்துகொண்டே இருக்கும்.

எடை பார்க்கும் மெஷினை யாரிடமாவது கொடுத்துவையுங்கள். மூன்றாவது வாரம் வாக்கில் பலருக்கும் எடை இறங்காமல் நிற்கும். தானாக மறுபடி இறங்கும், ஆனால் அந்த நாட்களில் மெஷின் மேல் ஏறுபவள் உடைந்துபோவாள்.

அழுகையும் சோர்வும் எல்லாமே மனசு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடாதீர்கள். பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி குறைந்தாலும் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்து, நடை தடுமாறினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ குழப்பமாகப் பேசினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம், தாமதித்தால் மூளையைப் பாதிக்கும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நான் பார்த்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன ஆபரேஷன் என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சில மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவு மாறும். நள்ளிரவில் யாரும் இல்லையென்றால் 14416 இருக்கிறது, அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கணவர் விஷயம். நான் இளைத்ததும் அவருக்கு முதலில் சந்தோஷம். பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்து, காதோரம் முடியை வெட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபின் அவர் முகம் மாறியது. "இப்போ யாருக்காக இதெல்லாம்?" என்றார். ஸ்வீடனில் 2018-இல் வந்த இன்னொரு ஆய்வைப் பின்னால் படித்தேன். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் பிரிவும் அதிகம், புதிதாகச் சேர்வதும் கல்யாணமும் அதிகம். இருவரும் ஒன்றாகப் போய் ஆலோசகரிடம் உட்கார்ந்தபின்தான் எங்கள் வீட்டில் சண்டை குறைந்தது. அவர் பயந்திருந்தார். பயத்தைச் சொல்ல அவருக்கும் ஆள் இல்லை. அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது வீட்டின் உத்தரவாயிற்றே.

இளைத்தவுடன் அடுத்த குழந்தைக்கு ஜோசியம் பார்க்கவும் சிலர் கிளம்புவார்கள். எடை குறைந்ததும் கரு தங்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனாலும் ஒன்று, ஒன்றரை வருஷம் தள்ளிப்போடத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள், தாய்க்கே சத்து போதாத காலம் அது. என் விஷயத்தில் கர்ப்பப்பையே இல்லை என்று ஊர் நம்பியதால் இந்தக் கேள்வி வரவில்லை. வந்த பரிதாபம் அதைவிட மோசம்.

இப்போது 79 கிலோ. ஷுகர் மாத்திரை நின்றுவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. போன வருஷம் நாத்தனார் வீட்டு வளைகாப்பில் பெரியம்மா மறுபடி கலந்த சாதத்தோடு வந்து நின்றபோது, எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். "அதானா? இதை அப்பவே சொல்லியிருந்தா அந்தக் கல்யாணத்துல உன் இலையில சோறே வச்சிருக்க மாட்டேனேடி" என்றார். முகம் சுண்டிப்போய்விட்டது, அவருக்கு. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அத்தை மேல் போகவில்லை. எப்படி இளைத்தாள் என்று யாராவது கேட்டால், "தெனமும் வாக்கிங் போறா" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் உடனே திருத்திவிடுகிறேன்.