உப்பும் அமிலமும் வெள்ளானூர் மண்ணும்

ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூர், எண்ணூர்க் கடற்கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. இங்கே தோட்டத்து மண்ணில் வெள்ளை பூத்தால் கடற்காற்றின் மேல் பழி போடுவது பொருந்தாது. காற்றில் வரும் உப்புத் துளிகளில் பெரும்பங்கு கரையை ஒட்டியே படிந்துவிடும். உள்நாட்டு நிலங்களில் வெள்ளை பூக்கப் பெரும்பாலும் கிணற்று நீரே காரணம்: பாய்ச்சிய நீர் ஆவியானபின் அதிலிருந்த உப்பு மேலே தங்குகிறது. கடல் நிலத்தடி வழியாகவும் வரும். மீஞ்சூர்ப் பகுதியில் 1960களிலிருந்து அளவுமீறி நீர் இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் ஊடுருவியது.

உப்பு அமிலத்தை முறித்துவிடும் என்ற எண்ணமும் தவறு. சோடியம் குளோரைடு நடுநிலை உப்பு. அதற்கு அமிலத்தை முறிக்கும் திறன் இல்லை. களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், மக்னீசியம், சோடியம், ஹைட்ரஜன், அலுமினியம் ஆகியவற்றின் அயனிகள் அவற்றில் ஒட்டியிருக்கும். ஏற்கெனவே அமிலமேறிய மண்ணில் உப்பு நீர் இறங்கினால், சோடியம் அங்குள்ள ஹைட்ரஜனையும் அலுமினியத்தையும் தள்ளிவிட்டு இடம்பிடிக்கிறது. தள்ளப்பட்டவை நீரில் கலக்க, நீர் சட்டென்று அமிலமாகிறது. 1993 ஜனவரியில் நார்வே கடலோரத்தில் புயல் வீசிய பின் ஆறுகளில் மீன்கள் இறந்தது இப்படித்தான். அமிலமேறாத மண்ணில் இந்த விளைவு வராது. அங்கே சோடியம் களியில் தங்கி அதன் கட்டமைப்பைக் கலைக்கும்.

ஆலைப் புகையால் பெய்வதெல்லாம் அமில மழை என்பதும் முழு உண்மையல்ல. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் தூய மழைநீரின் பி.எச். அளவே 5.6-க்கு இறங்கிவிடும். இந்தியாவில் பல இடங்களில் காற்றிலுள்ள சுண்ணாம்புத் தூசி, கந்தக டை ஆக்சைடு தரும் அமிலத்தில் ஒரு பகுதியை முறிக்கிறது. இதைச் சொல்வதால் எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைப் புகை நல்லது என்றாகாது. அது நுரையீரலுக்குச் செய்யும் கேடு மெய்யானது. மண்ணைப் பொறுத்தவரை சுண்ணாம்புள்ள நிலம் அமிலத்தைத் தாங்கும். மணற்பாங்கான நிலம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விரைவில் இழக்கும்.

அதிகம் செலவு வைக்கும் தவறு, உவரையும் களரையும் ஒன்றாகக் கருதுவது. உவர் மண்ணில் கரையும் உப்பு மிகுதி. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போகும், பி.எச். 8.5-க்குள் இருக்கும். களர் மண்ணில் பி.எச். 8.5-ஐத் தாண்டும், களியில் ஒட்டிய அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், நீர் இறங்காமல் தேங்கும். ஜிப்சம் களருக்கான மருந்து: அதன் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். உவருக்கு வேண்டியது நல்ல நீரும் வடிகாலும்தான். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டாலும், வெளியேறிய சோடியம் அந்த மண்ணிலேயே கிடக்கும். ஆகவே ஜிப்சம் மூட்டை வாங்குமுன் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் பார்த்துக்கொள்வது அவசியம்.