மூன்று மொழி பேசும் காலிக் கல்
எல்லை கடந்த வரலாற்றை வாசிக்கும் முறை



நமது வரலாற்றுப் பாடநூலில் அநுராதபுரமும் பொலன்னறுவையும் கோட்டையும் சில அலகுகளில் வருகின்றன. மறுமலர்ச்சியும் கைத்தொழிற் புரட்சியும் வேறு அலகுகளில் வருகின்றன. முதலாவதை 'இலங்கை வரலாறு' என்றும் இரண்டாவதை 'உலக வரலாறு' என்றும் பிரித்துப் படித்துப் பழகிவிட்டோம். பரீட்சைக்கு இது வசதியான பிரிப்பு. ஆனால் கடலால் சூழப்பட்ட ஒரு நாட்டின் வரலாற்றை இப்படிப் பிரித்து முழுமையாக விளங்கிக்கொள்ள முடியுமா? ஒரே ஒரு கல்லைத் துணைகொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

கல்லின் கதை

1911 ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. அப்போது அது வடிகால் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அதில் உள்ள திகதி 1409 ஆம் ஆண்டுக்கு உரியது. மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லேயின் கட்டளைப்படி சீனாவிலேயே செதுக்கப்பட்ட இக்கல்லை, கடற்படைத் தலைவர் செங் ஹோ தமது மூன்றாவது பயணத்தில் இங்கு கொண்டுவந்தார். செங் ஹோ சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்கள் அவர் பெயரால் அறியப்படுகின்றன.

மூன்று பகுதிகளும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பதே இக்கல்லின் சிறப்பு. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துகிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, நறுமண எண்ணெய் என நீளும் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது.

ஏன் இந்த மூன்று மொழிகள்?

பாரசீகம் ஏன், அரபு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்து சமுத்திரத்து வணிகர் பலருக்கு அன்று பாரசீகமே பொது மொழி. 1344 இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்திருந்ததாக எழுதுகிறார். அந்த மன்னர் முஸ்லிம் அல்லர், பாரசீகரும் அல்லர். முத்தும் கறுவாவும் விற்ற நாட்டின் அரசருக்கு வாங்க வருபவரின் மொழி தேவைப்பட்டது.

தமிழும் அவ்வாறே கடல் கடந்த வணிக மொழியாக விளங்கியது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. காலிக் கல்லின் தமிழ் வரிகளை எழுதிக் கொடுக்கவும், தமிழ் அறிந்த ஒருவர் சீன அரசவைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவர் யார் என்பதைக் கல் சொல்லவில்லை.

கல்லில் சிங்களம் இல்லை. இதை வைத்து அவசரமாக முடிவெடுப்பது பெரும் தவறு. தெவிநுவரை ஆலயத்தைச் சிங்கள மன்னர்கள் ஆதரித்தார்கள். சிங்களத் தூதுக் காவியங்கள் அதனைப் பாடின. ஒரு சான்றில் இல்லாதது அக்காலத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது. எழுதியவர் யாரை நோக்கிப் பேசினார் என்பதையே சான்று காட்டும். இக்கல் முக்கியமாகத் துறைமுகத்து வணிகரை நோக்கிப் பேசுகிறது என்று கொள்வது பொருத்தமாகும்.

'நமது பகுதி எது?'

இக்கல்லின் படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இதில் நமது பகுதி எது?"

எளிதாகத் தோன்றிய அக்கேள்விக்கு வகுப்பே இரண்டாகப் பிரிந்து பதில் சொன்னது. சிலர் தமிழ்ப் பகுதி என்றார்கள். நாம் பேசும், எழுதும், கவிதை பாடும் மொழி அது. ஆனால் அப்பகுதி போற்றுவது நமது மார்க்கத்தை அல்ல. வேறு சிலர் பாரசீகப் பகுதி என்றார்கள்; ஈமான் அங்கே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட நம்மால் வாசிக்க முடியாது. மொழி ஒரு பகுதியிலும் மார்க்கம் மறு பகுதியிலும் இருக்க, நாம் இரண்டுக்கும் உரியவர்களாக நிற்கிறோம். கொண்டுவந்த மாலுமியோ சீனத்து முஸ்லிம்.

"நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று கேட்கப்படும்போது, ஒரே ஊரின் பெயரைப் பதிலாகச் சொல்ல வேண்டும் என்று நம்மில் பலர் தடுமாறுகிறோம். அரேபியா என்று மட்டும் சொன்னால் தாய்மொழியின் கதை விடுபடுகிறது. மொழியை மட்டும் சொன்னால் மார்க்கத்தின் கதை விடுபடுகிறது. இரண்டையும் சொல்லி, வந்து சேர்ந்த மண்ணைச் சொல்லாமல் விட்டால் இந்த நாட்டில் வாழ்ந்த அத்தனை தலைமுறைகளும் விடுபடுகின்றன. எல்லை கடந்த வரலாற்றைக் கற்பவளுக்கு இந்தத் தடுமாற்றம் குறையும். பல வழிகள் வந்து கூடிய இடமே தனது இடம் என்று அவளால் ஆதாரத்துடன் சொல்ல முடியும்.

தொடர்பு வேறு, நட்பு வேறு

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மூன்று சமயங்களுக்கும் காணிக்கை என்றவுடன் இக்கல்லை நல்லிணக்கத்தின் சின்னமாக மட்டும் புகழ்ந்துவிடக் கூடாது. இதே மூன்றாவது பயணத்தின்போது செங் ஹோவின் படைகள் இங்கு போரிட்டன. 1411 இல் அழகக்கோனார் வம்சத்து ஆட்சியாளர் சிறைபிடிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். கல்லை மீண்டும் பாருங்கள். தமிழ்ப் பகுதி சீனப் பேரரசரைப் புகழ்ந்தே தொடங்குகிறது. ஆண்டைக்கூட அவரது ஆட்சியாண்டாகவே குறிக்கிறது. மரியாதையும் அதிகாரமும் ஒரே கப்பலில் வந்திறங்கின. வென்றவரின் ஏடுகளே பெரும்பாலும் இச்சம்பவத்தை நமக்குச் சொல்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

எந்தச் சான்றைக் கண்டாலும் இந்நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்.

1. இப்பொருள் எங்கே உருவானது, எவ்வழியாக இங்கு வந்தது?
2. யார், யாரை நோக்கிப் பேசுகிறார்?
3. இத்தொடர்பால் நன்மை பெற்றவர் யார், இழந்தவர் யார்?
4. யாருடைய குரல் இதில் இல்லை?

நான்காவது கேள்வியை நாம் தவறாமல் கேட்க வேண்டும். காலிக் கல்லில் பேரரசர் இருக்கிறார், தூதர் இருக்கிறார். சாதாரணப் பெண் ஒருத்திகூட இல்லை. ஆயினும் துறைமுகத்துக்கு வந்த வணிகர் இங்கே குடும்பமானது பெண்களால்தான். பிள்ளைகளுக்குத் தாய்மொழியைத் தாலாட்டில் கொடுத்தவர்கள் அவர்களே. அவர்களது சான்றுகளைக் கல்லில் தேடிப் பயனில்லை. வீட்டில் தேட வேண்டும்.

நமது வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வாப்பா உடுக்கும் சாரம் மலாய் மொழி தந்த சொல். துணி அடுக்கும் அலுமாரி போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. தேத்தண்ணியின் முதலெழுத்துச் சீனக் கரையிலிருந்து வந்தது. ஓதும் கிதாப் அரபுச் சொல். நான்கு கடல்வழிகள் ஒரே வீட்டுக்குள் கூடியிருக்கின்றன.

பயிற்சி

உங்கள் உம்மம்மாவிடம் அமர்ந்து, வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அது ஒரு தட்டமாகவோ, நகையாகவோ, அரபுத் தமிழில் எழுதிய பழைய ஏடாகவோ இருக்கலாம். அவர் சொல்வதை அவரது சொற்களிலேயே எழுதி, மேலேயுள்ள நான்கு கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள். அவர் சொன்னது எது, நீங்கள் ஊகித்தது எது என்பதைத் தனித்தனியே குறியுங்கள்.

ஒரு பேரரசரின் கல் பின்னர் மதகு மூடியாகிக் கிடந்தது. உம்மம்மாவின் நினைவைப் பொறித்துவைக்க அப்படியொரு கல்லும் இல்லை. ஆகவே இந்த விடுமுறையிலேயே எழுதத் தொடங்குங்கள்.