குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, அதை முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டும் என நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் கூறுகிறார். அடித்தளத்தோடு நின்றுபோனவனைக் கண்டு ஊரார் நகைப்பர் என்றும் எச்சரிக்கிறார். முதன்முதலாகக் கணினி வாங்க எண்ணும் குடும்பத்துக்கும் இவ்வுவமை பொருந்தும். பல மாதங்கள் சேர்த்த பணம் ஒரே நாளில் செலவாகிறது. ஓர் உறுப்பைத் தவறாகத் தேர்ந்தால் மற்ற உறுப்புகளும் அதனோடு சேர்ந்து முடங்குகின்றன. ஆகவே, “கணினி வாங்கித் தாருங்கள்” என்று பெற்றோரிடம் கேட்கும் நாம், கணக்கையும் கையில் கொண்டு செல்ல வேண்டும். அதற்குத் துணை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்பு உறுப்பாக வாங்க முடிவது ஏன்?

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. எல்லாவற்றையும் தானே செய்யாமல், இன்டெல் நிறுவனத்தின் 8088 பிராசசர் உட்படப் பிறர் செய்த உறுப்புகளை அது வாங்கிப் பொருத்தியது. அமைப்பு முறையையும் மறைக்கவில்லை. எனவே பிற நிறுவனங்களும் அதே முறையில் உறுப்புகள் செய்யத் தொடங்கின. 1995ஆம் ஆண்டில் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை வந்தபின், ஒரு நிறுவனத்தின் மதர்போர்டு மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்தலாயிற்று. இன்று நாம் எட்டு உறுப்புகளை எட்டு நிறுவனங்களிடம் வாங்கி ஒரே கணினியாக்க முடிவது இதனால்தான்.

முதலில் விளையாட்டு, பிறகு கணினி

எந்த விளையாட்டை விளையாடப் போகிறோம் என்பதே முதற்கேள்வி. 2023ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் வெளியிட்ட “வெண்பா” என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி முதலியவற்றைச் செய்ய வேண்டும். 2024ஆம் ஆண்டில் பாஃப்டா விருதும் பெற்றது. ஓவியம் போன்ற படங்களால் ஆனதால் இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. மைன்கிராஃப்ட், வேலரண்ட் போன்றவையும் நடுத்தரக் கணினியில் நன்றாக ஓடும். முப்பரிமாண உலகம் முழுவதையும் காட்டும் புதிய பெரிய விளையாட்டுகளுக்கே வலிமையான கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்சத் தேவை இது, பரிந்துரைக்கும் தேவை இது என்று அதனை வெளியிடுவோரே எழுதி வைத்துள்ளனர். விரும்பும் மூன்று விளையாட்டுகளின் தேவைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்வது முதல் வேலை.

பெற்றோர் ஐயுறாதபடி ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. இக்கட்டுரை கூறுவது அவற்றைப் பற்றியன்று. திறமையால் போட்டியிடும் கணினி விளையாட்டுகள் 2023ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய பிரிவாகவே இடம்பெற்றன.

கோலம் போடும் இருவர்

கணினியின் உள்ளே நடப்பதை ஒரு கோலத்தோடு ஒப்பிடலாம். பிராசசர் புள்ளி வைக்கிறது. அதாவது எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, பந்து எத்திசையில் செல்கிறது என்று முடிவு செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு இழை இழுத்து வண்ணம் இடுகிறது. இப்படி நொடிக்கு 60 கோலங்கள் போட்டால்தான் திரையில் அசைவு தடங்கலின்றித் தெரியும். ஒரு கோலத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் 60இல் ஒரு பங்குதான்!

புள்ளி வைப்பவள் மெதுவாக இருந்தால் வண்ணம் இடுபவள் சும்மா நிற்பாள். வண்ணம் இடுபவள் மெதுவாக இருந்தால் புள்ளி வைப்பவள் காத்திருப்பாள். விலை மிகுந்த பிராசசரும் மலிவான கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தாலும், அதற்கு மாறாகச் சேர்ந்தாலும், கொடுத்த பணத்தில் ஒரு பகுதி சும்மா நிற்கிறது என்று பொருள். சமநிலையே சிக்கனம்.

கோலத்தின் அளவைத் தீர்மானிப்பது மானிட்டர். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை என்றால் ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் இட வேண்டும். 3840க்கு 2160 அளவுள்ள திரையில் இவ்வேலை சரியாக நான்கு மடங்காகிறது. ஆகவே குறைந்த செலவில் வாங்குவோர் 1920க்கு 1080 திரையோடு நிற்பது நலம். வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், தொடக்கத்தில் அதையே திரையாகவும் பயன்படுத்தலாம்.

உறுப்புகளும் கவனிக்க வேண்டியவையும்

1. பிராசசர்: பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். இன்டெல் கோர் ஐ3-12100எஃப் என்பதில் “எஃப்” இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இன்றித் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி என்பதில் அப்பகுதி உள்ளேயே இருக்கிறது.

2. மதர்போர்டு: பிராசசர் அமரும் துளை அமைப்பும் மதர்போர்டின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ.எம்.4 அமைப்பு டி.டி.ஆர்.4 ராமையும், ஏ.எம்.5 அமைப்பு டி.டி.ஆர்.5 ராமையும் மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு இரு வகை மதர்போர்டுகளும் உண்டு. ஆகவே பெயரைப் படித்தே வாங்க வேண்டும். ராமின் அடியிலுள்ள வெட்டு இரு வகைக்கும் வேறு இடத்தில் இருப்பதால், ஒன்று மற்றொன்றின் துளையில் நுழையாது.

3. ராம்: 16 ஜி.பி. போதும். அதையும் 8 ஜி.பி. கொண்ட இரண்டு பட்டைகளாக வாங்க வேண்டும். இரு பட்டைகள் இருந்தால் தகவல் இரு வழியாகச் செல்லும். பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி உள்ள கணினியில் அப்பகுதியும் இந்த ராமையே பங்கிட்டுக்கொள்வதால், வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

4. எஸ்.எஸ்.டி.: பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை படிக்கும். என்.வி.எம்.இ. வகை அதனினும் பல மடங்கு விரைவானது. ஆனால் இவ்வேகம் விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்குமே தவிர, கோலங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜி.பி. இடம் பிடிப்பதுண்டு. ஆகவே 500 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம்.

5. எஸ்.எம்.பி.எஸ்.: வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தருவது இது. யாரும் புகழாத உறுப்பு. ஆனால் எல்லா உறுப்புகளின் உயிரும் இதன் கையில்தான் உள்ளது. கேபினட்டோடு இலவசமாக வரும் பெயரற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். பிராசசர் 65 வாட், கிராபிக்ஸ் கார்டு 130 வாட், மற்றவை 60 வாட் என்று கூட்டினால் 255 வாட் வருகிறது. இதற்கு 450 அல்லது 500 வாட் உள்ளதை வாங்கினால் மூச்சுத் திணறாது. “80 பிளஸ்” முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். 80 விழுக்காடு திறன் என்றால், கணினிக்கு 200 வாட் தர அது 250 வாட் இழுக்கிறது. மீதி 50 வாட் வெறும் வெப்பமாகிறது என்பது பொருள்.

6. கேபினட்: நம் வடுகபட்டிச் சந்தையில் வெளித்தோலின் வெண்மையை மட்டும் பார்த்துப் பூண்டு வாங்குவாருண்டோ? பல்லை அழுத்திப் பார்த்தே விலை பேசுவர். கேபினட்டின் வண்ண விளக்குகளும் வெளித்தோல்தான். நம் பகுதியின் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றது, முன்புறம் வலைக்கண் உள்ளதும் இரண்டு விசிறிகளாவது கொண்டதுமான பெட்டியே.

பணத்தைப் பங்கிடும் முறை

மானிட்டர் நீங்கலாக 50,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அதனை இவ்வாறு பங்கிடலாம்:

கிராபிக்ஸ் கார்டு – 18,000
பிராசசர் – 8,500
ராம் – 6,500
மதர்போர்டு – 6,000
எஸ்.எஸ்.டி. – 4,500
எஸ்.எம்.பி.எஸ். – 4,000
கேபினட் – 2,500

இவை கடை விலைகள் அல்ல, பங்கு அளவுகளே. கடை விலை மாறிக்கொண்டே இருக்கும். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தகவல் நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மிகுதியாக வாங்கியதால், 2025ஆம் ஆண்டின் இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறியது. அவ்வாறு ஓர் உறுப்பின் விலை ஏறினால் கிராபிக்ஸ் கார்டின் பங்கிலிருந்து எடுக்கலாம்; எஸ்.எம்.பி.எஸ். பங்கில் மட்டும் கை வைக்கலாகாது. கிராபிக்ஸ் கார்டு குறைந்தால் படத்தின் அழகு குறையும். எஸ்.எம்.பி.எஸ். குறைந்தால் கணினியே போய்விடும்.

அவ்வளவு பணம் இல்லாதவர்க்கு வேறொரு வழி உண்டு. 5600ஜி போன்ற பிராசசரோடு மற்ற உறுப்புகளை வாங்கி, கிராபிக்ஸ் கார்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அதுவரை எளிய விளையாட்டுகளும் பாடங்களும் தடையின்றி நடக்கும். பின்னர் கார்டு பொருத்தும்போது, அதே தலைமுறையைச் சேர்ந்த 5600 பிராசசர் தரும் வேகத்தைவிடச் சிறிது குறையும் என்பது உண்மையே. ஆயினும் கடன் வாங்காமல் தொடங்கலாம் என்பதால் எளிய குடும்பங்களுக்கு இவ்வழியே சிறந்தது என்பது என் கருத்து. ஒன்று மட்டும் மறவாதிருக்க வேண்டும். பின்னால் வரப்போகும் கார்டையும் கூட்டியே எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும்.

பலர் கணக்கில் விட்டுவிடும் செலவுகள் இரண்டு. ஒன்று விண்டோஸ் உரிமம். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் விளையாட்டுகள் பல அதிலும் ஓடுகின்றன. ஆனால் வேலரண்ட் ஓடாது. மற்றொன்று யு.பி.எஸ். அதில் எழுதியுள்ள வி.ஏ. என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல. 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும்.

எங்கே வாங்குவது?

சென்னை அண்ணாசாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். அங்கே விலை குறையலாம். ஆனால் பொருள் பழுதானால் தேனி மாவட்டத்திலிருந்து அதனை அனுப்பிவைக்க வேண்டும். அந்தச் செலவையும் காத்திருக்கும் நாள்களையும் கூட்டிப் பார்த்தால், தேனியிலோ மதுரையிலோ சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நட்டமாகாது. எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் பெற வேண்டும். பில் இன்றி வாங்கினால் உத்தரவாதம் கேட்க வழியில்லை.

பழைய கிராபிக்ஸ் கார்டுகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. எத்தீரியம் என்னும் மின்னாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றியதால், அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆகவே பழையதை வாங்குவோர் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

தோழியரே, கடைக்குப் போகும்போது உறுப்புகளின் பட்டியலை நாமே எழுதி எடுத்துச் செல்வோம். “அண்ணனை அழைத்து வாம்மா” என்று கடைக்காரர் சொல்வதற்கு இடமிருக்காது. “எஃப் எழுத்து உள்ள பிராசசரா? எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ்.?” என்று கேட்பவளிடம் பெயரற்ற பொருளைத் தள்ளிவிட எவரும் துணியார்.

வீட்டில் வைத்தபின்

கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியில் மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருக வேண்டும். இல்லையெனில் பணம் கொடுத்த கார்டு உறங்கிக்கொண்டிருக்கும். மூன்று முள் பிளக்கின் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் தூசி துடைக்க வேண்டும். 250 வாட் இழுக்கும் கணினி நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்றால் 60 நாள்களில் 30 யூனிட். இக்கணக்கையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கணினியைக் கூடத்தில், எல்லோரும் காணும் இடத்தில் வைப்பது சிறந்தது. விளையாட்டுக்கென வாங்கிய வலிமை வீணாவதில்லை. அதே கணினியில் நிரல் எழுதலாம், முப்பரிமாணப் படம் வரையலாம், ஜியோஜீப்ராவில் வடிவியல் கற்கலாம், தமிழ் 99 விசைப்பலகை முறையில் கட்டுரையும் எழுதலாம்.

முடிவுரை

நல்ல கணினிக்கு விலை மட்டும் அளவுகோல் ஆகாது. நமக்கு வேண்டிய விளையாட்டையும் திரையையும் முதலில் முடிவு செய்து, உறுப்புகளை ஒன்றுக்கொன்று ஈடாகத் தேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.க்கு உரிய பங்கைக் கொடுத்தால், சிறிய தொகையிலும் பல்லாண்டு உழைக்கும் கணினி அமையும். பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அக்கணக்கைப் போடக் கற்றுக்கொண்டவளிடம் கணினியை ஒப்படைக்கப் பெற்றோரும் தயங்கார்.