இல்லத்தினுள் இன்னா செய்யாமை

நீரை வடிகட்டிப் பருகுகிறோம்; கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம்; மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்றறிந்து அவற்றை விலக்குகிறோம். ஓரறிவு உயிர்க்கும் ஊறு நேரலாகாது என இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிர் நம் இல்லத்தினுள்ளேயே துன்புறுமாயின் கண்டும் காணாதிருக்கலாமா? மனைவியாகவும் மருமகளாகவும் வாழும் பெண்மக்கள் வீட்டினுள் படும் கொடுமையையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

'இஃது எங்கோ நிகழ்வது' என ஒதுக்குதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணவாழ்வு கண்ட பெண்களில் 100க்கு 38 பேர் கணவரால் உடல்வழியிலோ பாலியல்வழியிலோ கொடுமைக்கு உள்ளானவர்கள். எந்தச் சமூகமும் தன்னைப் புறம்பாக எண்ணுதல் தகாது.

ஹிம்சை எது?

கஷாயங்களின் வயப்பட்டுப் பிராணன்களுக்கு ஊறு விளைத்தலே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் தரும் இலக்கணம். பிராணன்கள் 10. பொறிகள் 5, மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை என 3, ஆயுளும் மூச்சும் 2. ஆகவே, கை ஓங்காமலேயே நாள்தோறும் இழிசொல்லால் ஒருத்தியின் மனவலிமையைச் சிதைப்பதும், அச்சுறுத்தி அவள் வாயை அடைப்பதும் ஹிம்சையே ஆகும்.

அகிம்சாணுவிரதத்திற்கு 5 அதிசாரங்களையும் அவ்வத்தியாயம் எடுத்துரைக்கிறது. இவற்றைக் கால்நடைகளை முன்னிட்டே கேட்டுப் பழகியிருக்கிறோம். இல்லத்தினுள் பொருத்திப் பார்ப்போம்.

1. கட்டிவைத்தல்: தாய்வீட்டிற்கும் ஆலயத்திற்கும் செல்லவிடாது அடைத்து வைப்பது.
2. அடித்தல்: இதற்கு விளக்கம் வேண்டா.
3. உறுப்பைச் சிதைத்தல்: சூடு வைப்பதும் காயப்படுத்துவதும்.
4. அளவிறந்த சுமை ஏற்றுதல்: கருவுற்ற காலத்தும் நோயுற்ற காலத்தும் ஓய்வின்றி வேலை வாங்குவது.
5. உணவும் நீரும் மறுத்தல்: வீட்டுச் செலவிற்குப் பணம் தராதிருப்பதும் இதன்பாற்படும். அவளது ஊதியத்தையும் சீதனத்தையும் பறித்துக்கொள்வதும் அவ்வாறே.

2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 26-10-2006 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம் என நால்வகைக் கொடுமைகளைக் கூறுகிறது. அடியை மட்டுமே கொடுமை எனக் கொள்ளாமையில் அறநூலும் சட்டமும் ஒன்றுபடுகின்றன.

உடன்பட்டோர் யார்?

வினை மூவழியாக வந்தடையும்: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். அடிப்பவன் ஒருவன், 'இன்னும் என்ன கொண்டுவந்தாள்?' எனத் தூண்டுவோர் சிலர். அழுகுரல் கேட்டும் கதவைச் சாத்திக்கொள்வோர் பலர். கன்றிய முகத்தோடு தாய்வீட்டு வாசலில் வந்து நின்ற மகளை, 'ஊரார் என்ன சொல்வர்? பொறுத்துப் போ அம்மா' என்று மறுநாட் பேருந்தில் ஏற்றிவிடும் பெற்றோரும் உண்டு. அன்பினால் செய்தோம் என்பர். அதன் பயனை அனுபவிப்பவள் அவளே அன்றோ?

பொறை பத்து அறங்களுள் முதலாவது. ஆனால் அது தன் சினத்தைத் தான் வெல்லுதல். பிறர் சினத்திற்கு ஒருத்தியைப் பலியிடுதல் அன்று. பொறையை முதலிற் கற்பிக்க வேண்டியது கை ஓங்குபவனுக்கே. மேலும், இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சை. தற்காப்பின் பொருட்டு நேரும் விரோதி ஹிம்சை அவனுக்கு விலக்கப்பட்டதில்லை. இவ்விதி பெண்ணுக்கும் உரியது. தன்னைக் காத்துக்கொள்ளவும் முறையிடவும் துணிபவள் அறத்தினின்று வழுவியவள் அல்லள்.

நாம் செய்யத்தக்கவை

வந்து நிற்கும் மகளிடம் காரணம் கேட்குமுன் உணவும் உறைவிடமும் தருவோம். காயங்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று அதன் சீட்டைப் பாதுகாப்போம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருக்கச் செய்வோம். பாதுகாப்பு அலுவலரிடம் பாதிக்கப்பட்டவள் மட்டுமன்றி, அறிந்த எவரும் தெரிவிக்கலாம். நன்னம்பிக்கையோடு தெரிவிப்பவர்மீது சட்டப் பொறுப்பு எதுவும் சாராது. வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பினும், கூடி வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமான வரம்பின்றிப் பெண்கள் இலவசச் சட்ட உதவி பெறலாம்.

ஆண்டுதோறும் தசலட்சண பர்வத்தின் முடிவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்களையும் அன்று நினைக்கிறோம். அடுத்த அறையில் இருப்பவளை மறந்துவிட்டோமா? அவளுக்கு வேண்டுவது ஒருநாள் மன்னிப்பு மொழி அன்று, நாள்தோறும் அச்சமின்றி வாழும் வாழ்வு. அதனை முதலில் நம் இல்லத்தில் நிலைநாட்டுவோமாக.